சிரிப்பும் சம்பளமும்

"வேலைக்குப் போகிறாயா, விளையாடப் போகிறாயா?" படைப்புத் துறையில் சேர விரும்பும் நம் மாணவர்கள் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மருத்துவமும் சட்டமும் பொறியியலும்தான் படிப்பு. படம் வரைவதும் அனிமேஷன் செய்வதும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றிக் கிடக்கிறது.

சிறிய கலையகம் ஒன்றை எட்டிப் பார்ப்பவருக்கு இந்த ஐயம் வலுக்கவே செய்யும். கடைவீட்டு மாடியில் ஆறேழு பேர். சீனப் புத்தாண்டு முடிந்து இரண்டு வாரமாகியும் கணினியின் பக்கத்தில் மேண்டரின் ஆரஞ்சு உட்கார்ந்திருக்கும். நோன்புப் பெருநாளுக்கு வந்த பலகாரப் போத்தல்கள் காலியாகி, அவற்றில் பென்சில்கள் குடியேறியிருக்கும். தீபாவளிக்குப் போட்ட கோலம் கலையக்கூடாது என்று எல்லாரும் வாசலைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கண்ணாடி முன் நின்று முகத்தை அஷ்டகோணலாக்குவார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இது வீண் பொழுதா? இல்லை என்பதே என் கருத்து.

கண்ணாடி முன் நிற்பவர் உண்மையில் வேலைதான் செய்கிறார். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு வழக்கமாக 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு பாத்திரம் மாங்காயைக் கடித்து இரண்டு விநாடி முகம் சுளித்தால், 48 சட்டங்களில் அந்தச் சுளிப்பு வளர்ந்து தேய வேண்டும். கண் எப்போது மூடுகிறது, உதடு எப்போது இழுபடுகிறது என்பதை அனிமேஷன் கலைஞர்கள் தாமே நடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

பண்டிகைக் கொண்டாட்டமும் அப்படித்தான். 2005இல் தொடங்கப்பட்ட லெஸ் கொப்பாக் நிறுவனத்தின் 'உப்பின் இப்பின்' தொடர், 2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஆறே அங்கங்களாக டிவி9இல் வெளிவந்தது. நோன்பென்றால் என்ன என்று சிறுவர்களுக்குச் சொல்வதே அதன் நோக்கம். முதல் நோன்பின் பசியும் பெருநாளுக்கு முந்திய பரபரப்பும்தான் கதை. அந்தச் சிறு முயற்சி நாட்டு எல்லையைத் தாண்டி வளர்ந்தது. அதே கம்பத்தில் மெய் மெய்யும் ராஜுவும் முத்து அங்கிளும் வாழ்கிறார்கள். மறைந்த இயக்குநர் யாஸ்மின் அகமது (1958–2009) பெட்ரோனாஸுக்காக உருவாக்கிய பண்டிகை விளம்பரங்களையும் மலேசியர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அடுத்த வீட்டுப் பண்டிகையை உட்கார்ந்து உண்டு சிரித்து அறிந்தவர்களால்தான் இப்படிப் படைக்க முடியும். முறுக்கு பிழிந்த கைக்குத்தான் முறுக்கின் சுற்று தெரியும்.

ஆனால், நண்பர்களே, நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. பண்டிகை விளம்பரமும் வாழ்த்துப்படமும் பண்டிகைக்கு முன்பே முடிந்தாக வேண்டும். ஆகவே, ஊருக்கெல்லாம் தீபாவளி வாழ்த்து வரைபவர், தம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும் நேரத்தில் கலையகத்தில் வண்ணம் மாற்றிக்கொண்டிருக்கலாம். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற அன்பு மொழியும் இரவு பத்து மணிக்கு வரும் பீட்சாவும் அந்த நேரத்துக்கான கூலி ஆகிவிடுமா?

சட்டம் சொல்வதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஊழியருக்கு ஆண்டுக்குச் சம்பளத்துடன் 11 பொது விடுமுறைகள் உண்டு. தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மற்ற ஆறையும் அரசு அறிவித்த பட்டியலிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கட்டாய ஐந்தில் தீபாவளி இல்லை. 2023 ஜனவரி 1 முதல் வார வேலைநேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. எனினும் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் பெறுபவருக்கு மிகைநேர ஊதியம் தரவேண்டிய கட்டாயம் அச்சட்டத்தில் இல்லை. எனவே வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பலருக்கு முக்கியமாகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆறேழு பேர் கூடிச் சிரிக்கும் இடத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது முக்கியம். ஒருவரின் நிறமும் பேச்சும் நெற்றித் திருநீறும் நாள்தோறும் நகைச்சுவைப் பொருளானால் அது கலகலப்பு ஆகாது. அங்கே ஒரே ஓர் இந்தியராக இருப்பவர் சிரிக்காவிட்டால் "விளையாட்டுக்குச் சொன்னோம்" என்பார்கள். சிரித்தாலோ அது நாளைக்கும் தொடரும். எல்லாரும் சேர்ந்து சிரிக்க முடிந்தால்தான் அது விளையாட்டு.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கலையகத்தில் கேட்கும் சிரிப்பைக் கண்டு அஞ்சாதீர்கள், அங்கே தொழில் நடக்கிறது. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவ நண்பர்களுக்கும் ஒன்று: பண்டிகைகளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று ஆவலோடு கேளுங்கள். கூடவே, எந்தெந்தப் பண்டிகைக்கு விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு என்ன ஊதியம் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கும் முகம் சுளிக்காமல் விடை சொல்கிற முதலாளியிடம் முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை நம்பலாம்.