ஐரிஷ் பப்புக்கும் தேக்கா புல்தரைக்கும் என்ன சம்பந்தம் பாஸ்?

துபாய், டோக்கியோ, சிங்கப்பூர், நம்ம பெங்களூரு... எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் ஒரு ஐரிஷ் பப் கண்ணில் படும். கறுத்த மரக் கவுன்டர், சுவரில் பழைய தகர விளம்பரம், மூலையில் ஒரு ஃபிடில், மேலே நுரை ததும்பும் கறுப்பு பீர். ஐ.டி வேலைக்கு வெளிநாடு போன உங்கள் ஃபிரெண்டின் இன்ஸ்டா ஸ்டோரியில் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 51 லட்சம்தான். தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. உலகம் பூராவும் இத்தனை பப்புகளை நிரப்ப ஐரிஷ்காரர்களுக்கு எங்கே போவது? போக வேண்டியதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் நிறைய பேர் இங்கிலாந்துக்காரர், ஆஸ்திரேலியர், ஜெர்மானியர், நம்ம ஊர் மேனேஜர்கள். வேலைக்காக ஊர் மாறி வந்து ஒண்டியாக இருக்கும் 'எக்ஸ்பாட்' கூட்டம்.

இன்னொரு உண்மை, இந்த பப்புகளில் பல அந்தந்த ஊரில் தானாக முளைத்தவை அல்ல. 1990களின் தொடக்கத்தில் டப்ளினில் மெல் மெக்நாலி என்பவரின் 'ஐரிஷ் பப் கம்பெனி', கின்னஸ் நிறுவனத்தோடு கைகோத்து இதை ஒரு பிசினஸாகவே செய்தது. கிராமத்து வீடு மாடல், பழைய டப்ளின் மாடல் என்று சில டிசைன்கள். எது வேண்டும் என்று சொன்னால் போதும். கவுன்டர், நாற்காலி, சுவரில் மாட்டும் சாமான் வரைக்கும் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அப்படியே பிரித்து அடுக்கினால் அயர்லாந்து ரெடி!

இவ்வளவு செட்டப் என்று தெரிந்தும் ஆட்கள் ஏன் போகிறார்கள்? பீருக்காக என்று நான் நம்பவில்லை. அது சூப்பர்மார்க்கெட்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். பப்பில் விற்கப்படுவது உட்காரும் உரிமை. ஒரு கிளாஸ் வாங்கினால் மூணு மணி நேரம் உட்காரலாம். தனியாகப் போனாலும் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பக்கத்து ஸ்டூல்காரரிடம் கால்பந்து ஸ்கோர் கேட்டால் பேச்சு தொடங்கிவிடும். முக்கியமாக, அது ஊருக்கு நடுவில் இருக்கிறது. புது நகரத்தின் மையத்தில் யார் அனுமதியும் கேட்காமல் நுழையக்கூடிய ஓர் இடம்.

படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கு நம்ம டீக்கடை பெஞ்ச் ஞாபகம் வந்திருந்தால், சரியான ரூட்டில்தான் இருக்கிறீர்கள்.

டெல்டாவில் டாஸ்மாக் அந்த வேலையைச் செய்வதில்லை. அங்கே வாங்குவதும் அவசரம், குடிப்பதும் அவசரம். ஊர்ப் பேச்சு நடப்பது டீக்கடையில். மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி, தண்ணி கடைமடைக்கு எப்போ வரும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று சொல்லி எத்தனை மூட்டையைத் திருப்பினார்கள்... 120 அடி அணையின் கணக்கைப் பட்டுக்கோட்டைப் பக்கம் எட்டாம் வகுப்புப் பையன்கூட ஒப்பிப்பான். அந்த பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே வந்த அறிவு அது.

(அந்த பெஞ்சும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் குவளை வைத்த ஊர்கள்தான் இவை. ஐரிஷ் பப்பின் கதையும் லேசுப்பட்டதல்ல. பெண்களுக்கு முழு பைன்ட் ஊற்ற மாட்டோம் என்று சொன்ன பப்புகள் அங்கே இருந்தன. ஆணா பெண்ணா என்று பார்த்து ஊற்ற மறுப்பதற்கு 2000-ம் ஆண்டுச் சட்டம்தான் முற்றுப்புள்ளி வைத்தது.)

அந்த பெஞ்சிலிருந்து எழுந்து திருச்சி ஏர்போர்ட் போய், நாலு மணி நேர ஃபிளைட்டில் சிங்கப்பூரில் இறங்கும் ஒரத்தநாடு பையனுக்கு, பேராவூரணி பையனுக்கு அங்கே என்ன இருக்கிறது?

தேக்கா இருக்கிறது. மேப்பில் 'லிட்டில் இந்தியா' என்று போட்டிருப்பார்கள். நம்மாட்களுக்கு அது எப்போதும் தேக்காதான். சிராங்கூன் ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு, வீரமாகாளியம்மன் கோயில், 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ், முஸ்தபா சென்டர். வாரம் ஆறு நாள் கட்டுமான சைட்டிலோ கப்பல் பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டார்மிட்டரியிலிருந்து கிளம்பி வருவார்கள். வாழை இலைச் சாப்பாடு, ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசை, முடிவெட்டு, ரீசார்ஜ். அதெல்லாம் அரை மணி நேர வேலை. மீதி நேரமெல்லாம் புல்தரையிலும் நடைபாதை ஓரத்திலும் சும்மா உட்கார்ந்திருப்பது. பக்கத்து ஊர்க்காரனைப் பார்ப்பது. "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சாம்ல?" என்று கேட்பது. ஐரிஷ் பப்பில் நடப்பதும் இதேதான். இங்கே கூரையும் ஸ்டூலும் இல்லை, அவ்வளவுதான்.

ஊரைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைக்கிற பழக்கம் டெல்டாக்காரர்களுக்குப் புதுசும் இல்லை. கன்டெய்னர் பப் வருவதற்கு 160 வருஷம் முன்னாடியே, 1828-க்கும் 1830-க்கும் இடையில், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்கா கட்டிவிட்டார்கள். கடல் தாண்டி வந்தவர்கள் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டுமே. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கும் சிங்கப்பூரும் போன தலைமுறைகளின் கதை அது. 'ரஜூலா' கப்பல் பற்றித் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கூத்தாநல்லூரை இன்றைக்கும் 'சின்ன சிங்கப்பூர்' என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வேலைக்காக வெளிநாடு போனவர் எல்லோரும் எக்ஸ்பாட்தானே? அகராதியில் ஆமாம். நடைமுறையில், பேங்கில் வேலை பார்க்க வந்தால் 'எக்ஸ்பாட்', அந்த பேங்க் கட்டடத்தைக் கட்ட வந்தால் 'ஃபாரின் ஒர்க்கர்'. சிங்கப்பூரில் இந்த வித்தியாசம் விசாவிலேயே இருக்கிறது. நல்ல சம்பளத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர் குடும்பத்தைக் கூட்டிவரலாம். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் முடியாது. அதாவது, வீடு திரும்பினால் மனைவி, பிள்ளை இருப்பவருக்கு பப்பும் இருக்கிறது. பல பேர் படுக்கும் டார்ம் அறைக்குத் திரும்புகிறவருக்குப் புல்தரை.

அந்தப் புல்தரையும் ஒரு ராத்திரியில் சிக்கலானது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. டார்முக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஒன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு தொழிலாளி மீது ஏறியது. இறந்தவர் நம்ம டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், வயது 33. ஆத்திரமடைந்த கூட்டம் பஸ்ஸைத் தாக்கியது, போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸும் எரிந்தன. சிங்கப்பூர் 40 வருஷத்துக்கு மேல் பார்க்காத கலவரம். முன்னாள் நீதிபதி ஜி.பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். விபத்து பற்றிய தவறான புரிதலும் மதுவும் முக்கியக் காரணங்கள், வேலைச் சூழல் மீதான அதிருப்தி காரணமில்லை என்றது அறிக்கை.

2015 ஏப்ரல் 1 முதல் புது மதுச் சட்டம் வந்தது. நாடு முழுக்க ராத்திரி 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் மட்டும் கூடுதல் கண்டிஷன். சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. லைசென்ஸ் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை.

சட்டத்தில் எக்ஸ்பாட், ஒர்க்கர் என்றெல்லாம் எழுதவில்லை. 'உள்ளே', 'வெளியே' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் உள்ளே உட்கார எவ்வளவு ஆகும் என்பது பில்லைப் பார்த்தவருக்குத் தெரியும். அதே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சிங்கப்பூர் ஆற்றங்கரைப் பக்கம் ஐரிஷ் பப்பில் பைன்ட் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். தேக்காவைச் சுற்றி அடுக்குமாடிகளில் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் படிக்கட்டிலும் வாசலிலும் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். குடியால் வீணாய்ப்போன குடும்பங்களை நம்ம ஊரிலும் பார்க்கிறோம். மது தடையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது.

2020 ஏப்ரலில் கொரோனா டார்ம்களுக்குள் புகுந்தது. மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உள்ளேயே அடைக்கப்பட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த கணக்குப்படி, டார்மில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மற்ற சிங்கப்பூர் மால், ரெஸ்டாரன்ட் என்று மெல்லத் திறந்துகொண்டது. டார்ம்வாசிகள் தேக்கா பக்கம் போக 2021 செப்டம்பரில் ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. வாரத்துக்கு 500 பேர், ஆளுக்கு ஆறு மணி நேரம். 2022 ஜூனில் பெரும்பாலான கட்டுப்பாடுகள் போன பிறகும், ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நாலு இடங்களுக்கு முன்கூட்டியே பாஸ் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு நாளைக்கு 80,000 பாஸ்.

எண்ணிக்கை பெரிசுதானே என்று தோன்றலாம். ஆனால் டீக்கடைக்குப் போக முதல்நாளே ஆப்பில் பாஸ் எடுக்க வேண்டும் என்றால் அது டீக்கடையா? நினைத்த நேரத்தில் எழுந்து போவதில்தானே அதன் சுகமே இருக்கிறது.

டார்ம்களுக்குப் பக்கத்திலேயே ரெக்ரியேஷன் சென்டர்கள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடை, சாப்பாடு, விளையாட்டு மைதானம், பணம் அனுப்பும் வசதி எல்லாம் உண்டு. வசதியில் புல்தரையைவிட மேல். இருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து தேக்காவுக்குத்தான் வருகிறார்கள். காரணம் சிம்பிள். சென்டர் என்பது தொழிலாளிக்கு மட்டும் கட்டியது. அங்கே போனாலும் நீங்கள் தொழிலாளிதான். தேக்காவில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி, மூணு தலைமுறை சிங்கப்பூர்த் தமிழர், காய் வாங்க வந்த சீனப் பாட்டி என்று எல்லோருக்கும் நடுவில் நீங்களும் ஒரு ஆள். ஐரிஷ் பப்பின் பலமும் அதே. 'ஐரிஷ்காரர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டினால் ஒரே மாதத்தில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டு வேலைக்குப் போன நம்ம அக்காக்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே லேசில் கிடைக்கவில்லை. வாரம் ஒரு நாள் லீவு என்பது 2013-ல்தான் விதியாக வந்தது. அதையும் காசு கொடுத்து ஈடுகட்டலாம் என்று இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது காசாக மாற்றாமல் லீவாகவே கொடுத்தாக வேண்டும் என்று 2023 ஜனவரியில்தான் மாற்றினார்கள்.

இவ்வளவும் அடுத்த நாட்டைப் பற்றி. கொஞ்சம் நம்ம வயலைத் திரும்பிப் பார்க்கலாம்.

சில வருஷமாக நடவு சீசனில் தஞ்சாவூர், திருவாரூர், நாகை வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்கள் இறங்குகின்றன. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்பது விவசாயிகள் சொல்லும் காரணம். நம்ம பையன் சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறான், அவன் ஊர் வயலில் வங்காளத்துப் பையன் நாற்று நடுகிறான். ஹோட்டலில் தோசை ஊற்றுபவரும் கட்டடத்தில் டைல்ஸ் ஒட்டுபவரும் இன்னொரு மாநிலத்துக்காரர்.

அவர்களை நாம் என்னவென்று கூப்பிடுகிறோம்? 'வடக்கன்'. மீம் போடுகிறோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுத்தது, பீகாரிலிருந்து ஒரு குழுவே நேரில் வந்து பார்த்தது. வீடியோ பொய்தான். ஆனால் பயந்து ரயில் ஏற நின்றவர்கள் ஏன் அதை உடனே நம்பினார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படியெல்லாம் எதுவும் இல்ல தம்பி, டீ குடி" என்று சொல்ல எத்தனை பேருக்கு உள்ளூரில் ஓர் ஆள் இருந்திருக்கும்?

அடுத்த தடவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் கவனியுங்கள். ரீசார்ஜ் கடை வாசலில், மூடிய ஷட்டரின் படியில், காதில் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். நாலு கடை தள்ளி டீக்கடை பெஞ்ச் இருக்கும். அதில் இடமும் இருக்கும்.