நர்சிங் அட்மிஷன்: கூடுதல் சான்றிதழ் வைத்தால் சீட் கிடைக்குமா?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த ஊர் பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பி.எஸ்சி நர்சிங் விண்ணப்பிக்க வந்த மாணவியின் கையில் தடிமனான ஃபைல். என்.எஸ்.எஸ். முகாம், ஜூனியர் ரெட் கிராஸ், முதலுதவிப் பயிற்சி, பேச்சுப்போட்டிப் பரிசு என அத்தனை சான்றிதழும் உள்ளே. "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்ருங்க தம்பி, ஏதாவது ஒண்ணு உதவும்" என்கிறார் கூட வந்த அம்மா.

உதவாது. தமிழகத்தில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சிலிங்கில், இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். நேர்காணல் கிடையாது. 'ஏன் செவிலியர் ஆக விரும்புகிறேன்' என்று எழுதித் தரவும் இடமில்லை.

இது நியாயமா என்ற கேள்வி வரும். படுக்கையில் கிடந்த பாட்டியை இரண்டு வருடம் பார்த்துக்கொண்ட பெண்ணும், எம்.பி.பி.எஸ். கிடைக்காததால் 'சரி, நர்சிங்காவது' என்று வந்தவரும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான். குறைதான், மறுக்க முடியாது. ஆனால் சான்றிதழுக்கு மார்க் என்று அறிவித்துப் பாருங்கள். அடுத்த மாதமே 'சேவை அனுபவச் சான்று' விலைக்கு வந்துவிடும். லீவு நாளில் கூலி வேலைக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு அது எங்கே கிடைக்கும்? பாட்டியைப் பார்த்துக்கொண்டதற்குச் சான்றிதழ் தர யாரும் இல்லையே!

அனுபவத்தை மதிக்கும் நாடுகளிலும் ஃபைல் எடுபடுவதில்லை. பிரிட்டனில் யூகாஸ் வழியாக நர்சிங் விண்ணப்பிப்பவர், 2026 சேர்க்கையில் இருந்து மூன்று கேள்விகளுக்கு மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் பதில் எழுத வேண்டும். பராமரிப்பு அனுபவத்தை அங்கேதான் சொல்ல வேண்டும்.

நிஜமாக சீட்டை முடிவு செய்யும் தாள்கள் வேறு. தமிழகத்தில் இடஒதுக்கீடு 69 சதவீதம். அதில் இடம் கேட்க மாணவியின் பெயரிலேயே சாதிச் சான்றிதழ் வேண்டும். அந்தத் தடிமனான ஃபைலில் பல நேரம் இருப்பது அப்பாவுடையது! சான்றிதழ் இல்லாவிட்டால் பொதுப் பிரிவில்தான் போட்டி. பழங்குடியினருக்கு இன்னும் சிரமம். கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும் என்பதால் மாதக்கணக்கில் இழுக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் கல்விக் கட்டணச் சலுகைக்கு வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ஒரு இனிஷியல், சாதிச் சான்றிதழில் வேறு இனிஷியல் என்றாலும் கடைசி நேரத்தில் அலைச்சல்தான்.

இதையெல்லாம் ரிசல்ட்டுக்குப் பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்கச் சொல்வது பெற்றோரின் தவறு அல்ல, நிர்வாகத்தின் மெத்தனம். பிளஸ் 1 படிக்கும்போதே வருவாய்த் துறையினர் பள்ளிக்கு வந்து சரிபார்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்கள், கல்லூரி கேட்டால் மட்டும் மற்ற சான்றிதழ்களைக் காட்டலாம். அரசு கவுன்சிலிங்குக்கு அவற்றை ஸ்கேன் செய்யும் காசு மிச்சம். இப்போது பிளஸ் 2 படிப்பவர்கள் அரையாண்டு லீவிலேயே ஃபைலைத் திறந்து, சாதிச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.