வீட்டுக்குக் கொங்கிறீட் போடும் நாளில் நாமும் நிற்க வேண்டும்

தோட்டத்தில் வீடு கட்டுகிற இடத்துக்குப் போனால் அடிக்கடி காதில் விழும் சொல், "இன்னும் ஒரு வாளி ஊத்து" என்பதுதான். கலவை இறுகலாக இருக்கிறது, மண்வெட்டிக்கு இழுபடவில்லை, தாச்சியில் சுமந்து கொடுக்கும் பெண்களுக்குக் கை விட்டுப்போகிறது. ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் கலவை கஞ்சி மாதிரி ஓடும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த ஒரு வாளி, நாமும் நமது பிள்ளைகளும் குடியிருக்கப் போகிற வீட்டின் பலத்தைத் தின்றுவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை பேச விரும்புகிறோம்.

லயக் காம்பராவை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எமது நீண்டகாலக் கோரிக்கை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோது அதன் அவசரம் நாட்டுக்கே தெரிந்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், பின்பு 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகள் என்று எண்ணிக்கைகளைப் பேசி வருகிறோம். எத்தனை வீடு, யாருக்கு வீடு, எப்போது வீடு என்று கூட்டம் போட்டுக் கேட்கிறோம். கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த வீட்டை எப்படிக் கட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. சங்கம் இதையும் கேட்க வேண்டும் என்பதே எமது கருத்து.

சில காலத்துக்கு முன் ஒரு வீடமைப்பு இடத்தில் நாம் கண்டதைச் சொல்கிறோம். யன்னலுக்கு மேலே போட்ட லின்டலின் அடிப்பலகையை மூன்றாம் நாளே கழற்றிவிட்டார்கள். அடிப்பக்கம் முழுவதும் தேன்கூடு மாதிரி ஓட்டை. இரண்டு இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. அன்று பின்னேரமே சாந்து பூசி மறைத்தாயிற்று. அந்த வீட்டு அம்மா வேலைக்காரர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மெதுவாக எங்களிடம் வந்து, "பூசிட்டா சரியா போயிருமா சேர்?" என்று கேட்டார். சரியாகப் போகாது. பூச்சு ஓட்டையை மறைக்கும், உள்ளே இருக்கும் வெற்றிடத்தை நிரப்பாது. ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? பேச வேண்டிய நேரம் மூன்று நாளைக்கு முன்பே போய்விட்டது.

கொங்கிறீட்டில் உள்ள பெரிய சிக்கல் இதுதான். கூரைத் தகடு ஓட்டையானால் மாற்றலாம், கதவு கோணினால் செதுக்கலாம். அத்திவாரத்திலும் தூணிலும் லின்டலிலும் போட்ட கொங்கிறீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. போடுகிற அந்தச் சில மணித்தியாலமும், அதற்குப் பின் வருகிற ஏழு நாட்களும்தான் நம் கையில் உள்ளவை. ஆகவே கவனிக்க வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறோம்.

முதலில் அளவு. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் கன அளவு, ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், 15 அங்குல உயரம் உள்ள பெட்டி அளவு. பலகையில் அப்படி ஒரு பெட்டி அடித்து வைத்துக்கொண்டால், ஒரு பை சீமெந்துக்கு இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி முக்கால் அங்குலக் கல் என்று பிசகாமல் அளக்கலாம். தூணுக்கும் உத்தரத்துக்கும் இதைவிடப் பலமான கலவை, அதாவது ஒரு பைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டிக் கல் என்று வரைபடத்தில் இருக்கலாம். இருந்தால் அதுதான் சட்டம். மண்வெட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். காலையில் ஒரு மாதிரி, களைத்துப்போன பின்னேரத்தில் வேறு மாதிரி இருக்கும்.

மணலில் களிமண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு போத்தல் போதும். நான்கு அங்குலம் மணல் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மணலுக்கு மேலே படியும் சேறு கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் அந்த மணலைக் கழுவித்தான் பாவிக்க வேண்டும். எமது பக்கத்து ஈரத்தில் சீமெந்துப் பையை வெறும் நிலத்தில் அடுக்கக் கூடாது. பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்க வேண்டும். கையால் நசுக்கியும் உடையாத கட்டி உள்ள சீமெந்து வீட்டுக்கு உதவாது.

அடுத்தது தண்ணீர். ஒரு பை சீமெந்துக்கு 25 லீற்றர் அளவு தண்ணீர், அதாவது 10 லீற்றர் வாளியில் இரண்டரை வாளி. மணல் ஈரமாக இருந்தால் அந்த மணலுக்குள்ளேயே அரை வாளி இருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும். சீமெந்து இறுகுவதற்கு எடுத்துக்கொள்வதுபோக மிஞ்சும் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துவாரமாக நிற்கும். இரண்டரை வாளி ஊற்றும் இடத்தில் மூன்றரை வாளி ஊற்றினால் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தத் துவாரங்கள் வழியே ஈரம் இறங்கிக் கம்பியில் துரு ஏறும். துரு ஏறிய கம்பி ஊதிக் கொங்கிறீட்டையே வெடிக்க வைக்கும்.

இனிப் போடுகிற வேலை. கலவையைச் சேற்று நிலத்தில் கலக்காமல் பலகை மேலோ தகட்டு மேலோ கலக்க வேண்டும். அடைப்புப் பலகையில் இடைவெளி இருந்தால் சீமெந்துப் பால் ஒழுகி, கல் மட்டும் நிற்கும். நாம் கண்ட தேன்கூடு இப்படியும் வரும், சரியாகக் குத்தாமல் விட்டாலும் வரும். கம்பி பலகையில் ஒட்டிக் கிடக்கக் கூடாது. சாந்தில் செய்த சிறு கட்டைகளைக் கீழே வைத்து, தூணுக்கு ஒன்றரை அங்குலம், லின்டலுக்கு ஓர் அங்குலமாவது கம்பிக்கு வெளியே கொங்கிறீட் இருக்கும்படி செய்ய வேண்டும். கல்லையோ மரத்துண்டையோ முட்டுக் கொடுக்கக் கூடாது.

கலந்த கலவையை ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், நல்ல வெயிலென்றால் அதற்கும் முன்பே. இறுகத் தொடங்கிய கலவைக்குத் தண்ணீர் ஊற்றி மறுபடி கிளறுவது கூடாது. ஐந்தடிக்கு மேலிருந்து கொட்டினால் கல் கீழேயும் சாந்து மேலேயும் பிரிந்துவிடும். ஆறு முதல் ஒன்பது அங்குலம் வரை ஒவ்வொரு படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் கம்பியால் மூலை முடுக்கெல்லாம் குத்த வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கு காற்று உள்ளே தங்கினால் பலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறையும். ஒரு லின்டலைத் தொடங்கினால் அன்றே முடிக்க வேண்டும். பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் போட்டால் பொருத்தில் வெடிப்பு வரும். சுமப்பவர்களுக்குக் கையுறையும் கம்பூட்சும் வேண்டும். ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும் என்பது கொழுந்தெடுத்து வெடித்த கைகளுக்கு நன்றாகவே தெரியும்.

தரை போடும்போது இன்னொரு பிழை நடக்கிறது. கொங்கிறீட்டைப் பரப்பி மட்டம் பார்த்ததும் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். அதன் மேல் வெறும் சீமெந்தைத் தூவி, கரண்டியால் தேய்த்து மினுக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் கூட்டக் கூட்டத் தூள் வரும், பிறகு மேல்தோல் உரியும். அந்தத் தண்ணீர் தானாக மறையும்வரை பொறுக்க வேண்டும். மேலே கால் வைத்தால் தடம் கால் அங்குலத்துக்கு மேல் பதியாத பதத்தில் மட்டக்கட்டை போட்டு, அதன் பிறகே கரண்டியால் தேய்க்க வேண்டும். இடையில் மழை வந்தால் பொலித்தீன் போட்டு மூட வேண்டும். மழைத் தண்ணீரைச் சேர்த்துத் தேய்க்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட நாம் கைவிடுவது அதற்குப் பிறகான ஏழு நாட்களை. கொங்கிறீட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. தவறணையில் வைத்த தேயிலைக் கன்றை முதல் வாரமே தண்ணீரில்லாமல் வெயிலில் விடுவோமா? கொங்கிறீட்டையும் அப்படி விடக் கூடாது. பழைய சாக்கையோ படங்கையோ நனைத்துப் போர்த்தி, ஏழு நாளும் அந்தச் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "குளிராகத்தானே இருக்கிறது, தண்ணீர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மலையில் குளிர் இருந்தாலும் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். குளிரில் கொங்கிறீட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும் என்பதால் முட்டையும் அவசரப்பட்டுத் தட்டக் கூடாது. பக்கப் பலகையை ஓரிரு நாளில் எடுக்கலாம். லின்டலின் அடிப்பலகையும் முட்டும் 14 நாளாவது நிற்க வேண்டும், குளிர் மாதங்களில் இன்னும் கூட.

இதையெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எமது இளைஞர்கள் எத்தனை பேர் கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்குக் கொங்கிறீட் போடுகிறார்கள்! அங்கே கலவை வந்ததும் கூம்பு வைத்து அதன் பதம் பார்ப்பதையும், கட்டியாக வார்த்து எடுத்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துச் சோதிப்பதையும் அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் தம்பியைக் கேளுங்கள், சொல்வார். அடுத்தவன் மாடிக்கு அவ்வளவு கவனமாக வேலை செய்யும் கை நம்முடையது. நம் அம்மா அப்பா இருக்கப்போகும் வீட்டுக்கு மட்டும் சேற்றில் கலந்த கலவை போதுமா?

"கேள்வி கேட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்" என்று சிலர் பயப்படுகிறார்கள். தனியாக ஒரு குடும்பம் கேட்டால் அந்தப் பயத்துக்கு இடமுண்டு. தோட்டக் கமிட்டி கேட்டால் யாருடைய பெயரை வெட்டுவது? "மேசனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?" என்றும் கேட்கிறார்கள். மேசனுக்குத் தெரியும். ஆனால் அவரும் கூலிக்கு நிற்கும் தொழிலாளிதான். இன்றைக்குள் முடித்தால்தான் காசு என்ற கொந்தராத்துக் கணக்கு அவரையும் விரட்டுகிறது. ஆகவே அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் நிதானமாக வேலை செய்வதற்கு நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். "அளவாவே ஊத்துங்க அண்ணே, நாங்க நின்னு குத்தித் தாரோம்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். உண்மையைச் சொன்னால், அந்தக் கூடுதல் வாளியைப் பல நேரம் ஊற்றுவதும் நாம்தானே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏழு நாள் தண்ணீர் ஊற்று என்று சொல்வது சுலபம். காலையில் பிரட்டுக்கு ஓடி, மலையில் கொழுந்தெடுத்து, பின்னேரம் நிறுவை முடித்து வருகிற பெண்தான் பீலியிலிருந்து அந்தத் தண்ணீரையும் சுமக்கிறாள். அந்தச் சுமையை அவள் தலையில் மட்டும் போட்டுவிட்டு நல்ல வீடு வேண்டும் என்று பேசுவது நியாயமில்லை. நனைந்த சாக்கைப் போர்த்தினால் நடை குறையும். ஆண்களும் பெரிய பிள்ளைகளும் முறை வைத்துக்கொண்டால் இன்னும் குறையும். ஆனால் முதலில் தண்ணீர் கட்டடம் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

ஆகவே எமது கோரிக்கைகளில் இனி இவையும் சேர வேண்டும் என்கிறோம். வரைபடமும் கலவை அளவும் தமிழில் எழுதி வீடு கட்டும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். முதல் கல் வைக்குமுன் அந்த இடத்துக்குத் தண்ணீர்க் குழாயோ தாங்கியோ வர வேண்டும். அத்திவாரம், தூண், லின்டல் ஆகியவற்றுக்குக் கொங்கிறீட் போடும் நாட்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் நிற்க வேண்டும். அந்த நாட்களில் வீட்டுக்குரிய குடும்பத்தில் ஒருவருக்குத் தோட்டம் முழுப் பேர் போட வேண்டும். பலகை கழற்றியதும், பூசுவதற்கு முன், கமிட்டியும் குடும்பமும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றுக்காவது நாம் விடாமல் நிற்க வேண்டும். பூச்சுக்கு முன் பார்த்தால்தான் பிழை பிழையாகத் தெரியும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். வீடு கட்டத் தொடங்கியிருக்கும் தோட்டங்களில் நான்கு பலகையை எடுத்து, 15 அங்குல உயரத்தில் அந்தப் பெட்டியை நீங்களே அடித்துக் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்தில் ஒரு 10 லீற்றர் வாளியையும் வையுங்கள். "இன்னும் ஒரு வாளி ஊத்து" என்று யாராவது சொல்லும்போது, "எத்தனை வாளி ஊத்தியாச்சு?" என்று கேட்க நம்மில் ஒருவர் அங்கே நிற்கட்டும்.