அனுமதிப்பத்திரம் கவசமாகாது

ஒரு தொழில் நிறுவனத்தின் மீது சுற்றாடல் சார்ந்த குற்றச்சாட்டு எழும்போதெல்லாம், "தேவையான அனுமதிகள் அனைத்தையும் பெற்றிருக்கிறோம்" என்பதே முதலில் வரும் பதில். சட்டத்தை வெறும் கோப்பாகவும், அதைச் சமாளிப்பது சட்டத்தரணியின் வேலை எனவும் கருதும் பழக்கத்தின் வெளிப்பாடு இது. இப்பழக்கம் ஊருக்கு மட்டுமன்றி நிறுவனத்துக்கும் கேடானது என்பதற்குச் சுன்னாகம் சான்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கற்பாறைகளிடையே தேங்கும் மழைநீரே. அங்கு நிலத்தில் இறங்கும் எண்ணெய் எவருடைய வேலியையும் மதிப்பதில்லை. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது வெளிப்பட்ட பின்னர், சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் 2015 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வெளியானது. நொதேர்ன் பவர் நிறுவனத்தின் மின் நிலையமே நிலத்தடி நீரை மாசுபடுத்தியது என நீதிமன்றம் கண்டது. கண்காணிக்க வேண்டிய மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தமது கடமையில் தவறியதையும் சுட்டிக்காட்டியது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டின்படி, மக்கள் அடைந்த இழப்பின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்ய 2 கோடி ரூபா வழங்குமாறு கட்டளையிட்டது.

கோட்பாட்டளவில் அது பெரிய வெற்றி. ஆனால் 2 கோடி ரூபா என்பது ஒரு மின் நிறுவனம் தனது செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிடக்கூடிய தொகை. கிணற்றை இழந்த குடும்பத்துக்கோ அத்தகைய கணக்கு வரி எதுவும் இல்லை.

தொகை பெரிதானால் போதுமா? 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் வழக்கில், 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் 100 கோடி டொலர் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. கப்பலின் அமிலக் கசிவு கொழும்பை அடையுமுன்னரே தெரிந்திருந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஆயினும் சிங்கப்பூர் நிறுவனம் அத்தொகையைச் செலுத்த மறுத்தது. சேதம் நிகழ்ந்த பின்னர் விதிக்கப்படும் நட்டஈடு, மாசுபடுத்தியவர் நமது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே பணமாகும்.

ஆகவே பொறுப்பு முன்கூட்டியே பெறப்பட வேண்டும். நிலத்தடி நீரைப் பாதிக்கக்கூடிய தொழிற்சாலை இயங்கத் தொடங்குமுன் அயற்கிணறுகளின் நீர் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் பிரதேச சபையில் பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். சுத்திகரிப்புச் செலவுக்கான பிணைத்தொகை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாதல் வேண்டும். பரிசோதனை ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

இது முதலீட்டாளரை விரட்டிவிடும் என்பார்கள். உண்மையில் நேர்மையான நிறுவனத்துக்கு இதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை. தொடக்கத்தில் நீர் எவ்வாறு இருந்தது என்பதற்கான ஆவணம் கையில் இருப்பின், தான் செய்யாத மாசுக்கு அது பதில் சொல்ல வேண்டியதில்லை. செய்த மாசு சிறிதாக இருக்கும்போதே தெரியவரும். திருத்தும் செலவும் சிறிதாகவே இருக்கும். அந்த ஆவணத்துக்கு அஞ்சும் நிறுவனத்துக்கு அனுமதி எதற்கு என்பதை அதிகாரிகள் முதலில் கேட்கட்டும்.