மியூனிக் அல்ல, ஆண்டர்லெக்ட்

சென்ற மாதம் இலக்கிய நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில், கவிதை பற்றிய பேச்சு ஓய்ந்து உணவு வருவதற்குள் கிடைத்த இடைவெளியில், ஒருவர் வினாவொன்றை எழுப்பினார். பீரைச் சுவைப்பதற்கென்றே வாழ்நாளில் ஒரேயொரு பயணம் வாய்க்குமெனில் எந்த ஊருக்குச் செல்வீர்கள்? எட்டுப் பேரில் ஐவர் சற்றும் தயங்காமல் மியூனிக் என்றனர். ஒருவர், உலகின் தலைசிறந்த பீர் எங்கே கிடைக்கிறதோ அங்கே என்று கூறி, பெல்ஜியத்தில் துறவிகள் காய்ச்சும் பீர் ஒன்றின் பெயரைத் தடுமாறி உச்சரித்தார். இன்னொருவர் குடிப்பவர் அல்லர். அவருக்கு வினாவே அருவருப்பு. எஞ்சிய நாம் அன்று வாய் திறக்கவில்லை. அதற்கான கழுவாய் இக்கட்டுரை.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் பீரைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கள்ளையும் தேறலையும் நறவையும் பிழியையும் நீக்கிவிட்டுச் சங்கப் பாடல்களை நடத்த இயலுமென்றால் அவர்கள் நடத்திக் காட்டட்டும்.

மியூனிக் என்ற விடை நண்பர்களின் நாவிலிருந்து வந்ததன்று, சுவரொட்டியிலிருந்து வந்தது. அவர்கள் மனத்தில் இருந்தது ஊரும் அன்று, அக்டோபர்ஃபெஸ்ட் என்னும் திருவிழா. 1810இல் பவேரிய இளவரசர் லுட்விக், தெரேசாவை மணந்தபோது நகருக்கு வெளியேயிருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். விழாவின் தொடக்கம் அதுதான். பீர் பின்னால் வந்து முன்னால் அமர்ந்துகொண்டது. 2023இல் அங்கே கூடியவர்கள் ஏறத்தாழ 72 லட்சம் பேர். 2025இல் ஒரு லிட்டர் கோப்பையின் விலை 14.50 முதல் 15.80 யூரோ வரை. நகர எல்லைக்குள் காய்ச்சும் ஆறு நிறுவனங்களின் பீருக்கு மட்டுமே அங்கே அனுமதி என்பதைச் சொல்லி நண்பர் ஒருவர் பெருமைப்பட்டார். அந்த ஆறில் ஸ்பாட்டன், லோவன்பிராய் ஆகிய இரண்டும் இன்று ஏபி இன்பெவ் என்னும் உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனத்தின் உடைமை என்பதை அவர் அறியார். அதன் தலைமையகம் மியூனிக்கில் இல்லை. பெல்ஜியத்தின் லூவன் நகரில் இருக்கிறது.

பெரும் கூடாரத்துக்குள் பித்தளை வாத்தியங்கள் முழங்க, பலகைமேல் ஏறி நின்று ஆயிரக்கணக்கானோர் பாட, ஒரு லிட்டர் கோப்பையைக் கையில் திணித்துச் சுவை பார் என்பது, கல்யாணப் பந்தியில் அண்டாவோடு பாயசத்தை நீட்டி ஏலக்காய் எப்படி என்று கேட்பதற்கு ஒப்பாகும். குடிக்கலாம், களிக்கலாம், மறுநாள் தலைவலியோடு எழலாம். அவற்றுள் எதையும் நாம் பழிக்கவில்லை. சுவைத்தல் வேறு என்கிறோம், அவ்வளவே. மியூனிக்கிலேயே விழா முடிந்து கூட்டம் கலைந்தபின் மரத்தடிப் பீர்த் தோட்டங்கள் இருக்கின்றன. நிலவறையில் கிடந்த பீர் வெப்பமடையாதிருக்க, மேலே நிழலுக்காக நட்ட செஸ்நட் மரங்கள் அவை. 1812ஆம் ஆண்டின் அரசாணை அங்கே பீர் விற்க ஒப்பியது, ரொட்டி தவிர உணவு விற்கத் தடுத்தது. ஆகவே மக்கள் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த வழக்கம் இன்றும் உண்டு. நண்பர்கள் ஐவரில் ஒருவரேனும் இந்த மரத்தடியைச் சொல்லியிருந்தால் நமக்கு இத்தனை சினம் வந்திராது. பில்சன் என்றிருந்தாலும் வந்திராது. 1842 அக்டோபர் 5 அன்று ஜோசப் க்ரோல் அந்நகரின் மென்னீரில் முதன்முதலாகக் காய்ச்சிய பொன்னிறப் பீரின் வழித்தோன்றல்களைத்தான் உலகமே இன்று பீர் என்று அழைக்கிறது.

அங்கேதான் இடரும் இருக்கிறது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்டில் ஒரேயொரு வகையைத் தூய்மையாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அன்றுமுதல் எந்த ஊரின் பீரையும் எந்த ஊரிலும் காய்ச்சலாம் என்றாயிற்று. கெட்டுப்போன பீரைக் கொட்டி அழுத மனிதருக்கு அது பெரும் வரம். ஆயினும் எங்கும் ஒன்றுபோல் இருப்பதற்கென்றே உருவான ஒன்றை அருந்த ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறப்பானேன்? பயணம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்குமானால், அந்த மண்ணை விட்டு நகர மறுக்கும் பீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். நம் வாதம் முழுவதும் இவ்வளவே.

‘உலகின் தலைசிறந்த பீர்’ என்ற நண்பருக்கு வருவோம். அவர் குறித்தது வெஸ்ட்ஃப்ளேடரன் 12. மேற்கு ஃபிளாண்டர்ஸின் வயல்களுக்கு நடுவே, 1831இல் தோன்றிய செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்தில் ட்ராப்பிஸ்ட் துறவிகள் காய்ச்சுவது. 2005இல் ரேட்பியர் என்னும் இணையத் தரவரிசை அதற்கு முதலிடம் தந்தது. மடத்து வாயிலில் கார்கள் மொய்த்தன. துறவிகள் என்ன செய்தார்கள்? விற்கிறதே என்று கூடுதலாகக் காய்ச்சவில்லை. மடத்தின் வாழ்வுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும் என்று இருந்துவிட்டார்கள். தொலைபேசியில் முன்பதிவு செய், வண்டி எண்ணைச் சொல், வாங்கியதை மறுவிற்பனை செய்யாதே என்றார்கள். 2012இல் மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது மட்டும் ஒருமுறை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு பழையபடி. இப்படித் தரவரிசையைப் பொருட்படுத்தாத மனிதர்களின் பீரை, தரவரிசையில் முதலிடம் பெற்றதற்காகவே தேடிப் போவது நகைப்புக்குரியது இல்லையா?

அந்தத் தரவரிசையின் கதையும் கேட்கத் தக்கது. அத்தளத்தில் பங்கு வாங்கி, 2019இல் அதை முழுவதுமாகத் தன்வசமாக்கிக்கொண்டது வேறெந்த நிறுவனமும் அன்று, ஏபி இன்பெவ்தான். 2025 பிப்ரவரியில் அத்தளம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த குறிப்புகள் அதில் இருந்தன. துறவிகள் இன்னும் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.

பயணத்துக்கு வழிசொல்லும் மரபு நமக்குப் புதிதன்று. ஆற்றுப்படையின் பாணன் எதிர்வரும் பாணனிடம் ‘முதல் பத்து இடங்கள்’ என்று பட்டியல் வாசிப்பதில்லை. இந்த நிலத்தைக் கடப்பாய், அங்கே இன்னார் இருப்பர், இன்னது உண்ணத் தருவர் என்று சொல்லிக்கொண்டே போகிறான். உணவும் நிலமும் அவன் வாயில் பிரிவதே இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் பிழியைச் சொல்லுமிடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு. அரிசிக் களியை அகன்ற வாயுடைய பிழாவில் இட்டு ஆற்றுகிறார்கள். முளையை இடித்துக் கலக்கிறார்கள் என்பது உரை. சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளைய விடுகிறார்கள். முளைகட்டிய தானியம், ஆறிய கூழ், காத்திருக்கும் சாடி; பீர் என்பதன் அடிப்படை வேறென்ன? தமிழனே பீரைக் கண்டுபிடித்தான் என்று முழங்கும் கூட்டத்தில் நம்மைச் சேர்த்துவிட வேண்டாம். மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகள் அதனினும் மிகப் பழையவை. அகன்ற வாயுடைய அந்தக் கலத்தை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் ஒரு கருத்தரங்குக்குச் சென்றபோது, கட்டுரை வாசித்த மறுநாள் ரயிலேறி பிரஸ்ஸல்ஸ் போனோம். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. தெற்கு நிலையத்தில் இறங்கி நடந்தால் ஆண்டர்லெக்ட். சுற்றுலா அட்டைகளில் வரும் பகுதி அன்று. பழுதுபார்க்கும் கடைகளும் வந்தேறிகளின் வீடுகளும் நிறைந்தது. அங்கே ஒரு சாதாரணத் தெருவில், கிடங்கு போன்ற கதவுக்குப் பின்னால் இருக்கிறது காந்தியோன் பீர் ஆலை. பெயரின் முற்பாதியைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். 1900இல் அதைத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது. அங்கே காய்ச்சுவது லாம்பிக்.

லாம்பிக்குக்கு யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. முளைகட்டிய பார்லியோடு மூன்றில் ஒரு பங்களவு முளைகட்டாத கோதுமையைச் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து வடிக்கிறார்கள். அந்தச் சாற்றில் ஹாப்ஸ் பூக்களைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிடுகிறார்கள். அதுவும் புதிய ஹாப்ஸ் அன்று. கசப்பு மங்கும்வரை ஆண்டுக்கணக்கில் கிடந்த பழம்பூ. கெடாமல் காக்கும் குணம் மட்டும் அதில் மிஞ்சியிருக்கும். பிறகு கூரைக்கு அடியிலுள்ள மாடத்தில், ஆழமில்லாத அகன்ற செப்புத் தொட்டி ஒன்றில் அந்தச் சாற்றை ஊற்றிச் சன்னல் இடுக்குகளைத் திறந்து வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இரவெல்லாம் அது ஆறுகிறது. ஊரின் காற்றிலும் கூரை மரத்திலும் உள்ள காட்டு ஈஸ்டும் நுண்ணுயிர்களும் தாமாக வந்து இறங்குகின்றன. காலையில் அது மரப்பீப்பாய்க்குப் போகிறது. அங்கே ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு. இவ்வகைப் பீரின் மணத்துக்குக் காரணமான ஈஸ்ட் ஒன்றுக்கு அறிவியலார் இட்ட பெயரிலேயே பிரஸ்ஸல்ஸ் இருக்கிறது: பிரெட்டனோமைசிஸ் புருக்ஸெலென்சிஸ். மூன்று வயதுப் பீர்களையும் கலந்து புட்டியில் அடைத்தால், இளையதில் மிச்சமிருக்கும் இனிப்பு மீண்டும் புளித்து நுரை எழுப்பும். அதுவே கூஸ். புளிப்புச் செர்ரிப் பழத்தை ஊறவைத்தால் க்ரீக்.

பீப்பாய்கள் அடுக்கிய கூடத்தில் சிலந்தி வலைகளைக் கண்டோம். துடைப்பதில்லையாம். பழத்துக்கு வரும் ஈக்களைச் சிலந்தி தின்கிறது, அதை ஏன் விரட்ட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். நம் கல்லூரி விடுதிச் சமையலறைக்கும் இந்த நியாயத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

எல்லோரும் இனிப்புச் சேர்த்த பீருக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஆலை நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது. குடும்பத்து மருமகனான ழான்-பியேர் வான் ருவா, 1978இல் ஆலையையே அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். பொருட்களை ஓய்வெடுக்க வைத்த காட்சிக்கூடம் அன்று. பழைய எந்திரங்களில் வேலையும் நடக்கும், வந்தவர் சுற்றியும் பார்க்கலாம். சுற்றி முடித்ததும் ஒரு கோப்பை தருவார்கள்.

அந்தக் கோப்பையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதலில் கொடுத்த பழைய லாம்பிக்கில் நுரையே இல்லை. முகம் சுளித்தோம். எலுமிச்சைத் தோல், ஈர மரம், பழம் வைத்திருந்த கூடை என்றெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் நாக்கில் நின்றது நமக்கு மிகப் பழகிய ஒன்று: நீராகாரத்தின் புளிப்பு. காடியைக் குடிக்கவா இத்தனை தூரம் என்பார் மியூனிக் நண்பர். பழைய சோற்றுத் தண்ணீரையும் மூன்றாம் நாள் மோரையும் குடித்து வளர்ந்த நாக்கு புளிப்புக்கு அஞ்சுவது, அதற்குப் புளிப்பு தெரியாததனால் அன்று. இனிப்பும் குளிர்ச்சியும் மட்டுமே சுவை என்று விளம்பரம் அதற்குச் சொல்லிக் கொடுத்ததனால்.

கள்ளும் இவ்வகைதான். யாரும் ஈஸ்ட் இடுவதில்லை. பாளையிலும் கலயத்திலும் உள்ளது தானே வேலை செய்கிறது. விடியலில் தேன், உச்சியில் வேறு, மாலையில் காரம். மரத்தடியை விட்டு வெகுதூரம் போகாது. தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. 2003 முதல் ஆலைப் பீரை அரசே சில்லறையில் விற்கிறது. நாம் பாலக்காட்டு எல்லையைத் தாண்டிப் போய்த்தான் கள்ளைச் சுவைத்தோம். ஒரு மண்ணின் புளிப்பை அம்மண்ணில் தடுத்துவிட்டு, எங்கும் ஒன்றான கசப்பைப் புட்டியில் விற்கும் ஊரிலிருந்து போனவர்கள் ஆதலால், ஆண்டர்லெக்டில் அந்தத் தொட்டியின் முன் நமக்கு உண்டானது வியப்பு மட்டுமன்று. பொறாமையும்தான்.

இப்படி எழுதி நீங்களும் ஒரு பட்டியல்தானே போடுகிறீர்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டும். காந்தியோனின் புட்டிகளுக்கும் இன்று வரிசை நிற்கிறது. பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்வோரும் உண்டு. நம் கட்டுரையைப் படித்து ஒருவர் கூடுதலாக அங்கே நின்றால் அதில் நமக்கும் பங்குண்டு. அதனால்தான் புட்டியைத் தேடிப் போக வேண்டாம் என்கிறோம். புட்டி சென்னைக்கும் வந்து சேரலாம். மாடமும் இரவும் வாரா.

நாம் போனது ஜூலையில். செப்புத் தொட்டி வெறுமையாக இருந்தது, அடியில் பச்சைப் பாசிபோல ஒரு நிறம். கோடையில் காய்ச்சுவதில்லை, காற்றில் வேண்டாத உயிர்கள் மிகும், இரவு போதிய அளவு குளிராது. அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடித்துவிடுவார்கள். அந்தக் காலமும் பாட்டனார் நாளைவிடச் சுருங்கிவிட்டது என்று ஆலைக்காரர்களே சொல்லிவருகிறார்கள். 2015 இலையுதிர் காலத்தில் இரவுகள் வெதுவெதுப்பாக இருந்ததால் காய்ச்சியதில் ஒரு பகுதியைக் கொட்ட நேர்ந்தது. ஆகவே நம் கனவுக்கு ஊர் மட்டுமன்றி மாதமும் உண்டு: ஜனவரி. வைப்புநிதியில் கைவைக்க இல்லத்தில் இசைவு கிடைத்தால், இரண்டு இரவுகள். முதல் நாள் மாலை தொட்டியில் ஆவி பறப்பதைப் பார்க்க வேண்டும்; மறுநாள் காலை அது ஆறியிருப்பதைப் பார்க்க வேண்டும். மியூனிக் நண்பர்களில் யாரேனும் உடன் வர விரும்பினால் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளட்டும், ஒரு லிட்டர் கோப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.