நீரில் மூழ்கிய நிலத்துக்கும் வாடகையா?

நெய்தல் என்றதும் நம் இலக்கிய வாசகருக்கு இரங்கல் நினைவுக்கு வருகிறது. புன்னை நிழலும் கழியும் அன்றிலும் நினைவுக்கு வருகின்றன. வாடகை நினைவுக்கு வருவதில்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவதை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். அதே மரக்காணத்து உப்புப் பாத்தியில் நிற்பவர் யாருக்கு, எந்த மாதத்துக்கு, எதன் பேரில் வாடகை கொடுக்கிறார் என்று கேட்பது அரிது. அழகியல் பேசும் இடத்தில் கணக்கு வழக்கு எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடுவோம். மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் உள்ளன. மத்திய அரசின் நிலமும் மாநில அரசின் நிலமும் அவற்றில் அடக்கம். சனவரியில் பாத்திகளின் சேற்றை வாரி, வரப்பு கட்டி, தரை இறுகும்வரை மிதிக்க வேண்டும். அதன்பின் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் செறிவேற்ற வேண்டும். இத்தனை வேலைக்குப் பிறகே முதல் உப்பு கண்ணில் படும். வெயிலும் காற்றும் ஒத்துழைத்தால் செப்டம்பர் வரை வாரலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் டிசம்பர் வரை பாத்தியும் வரப்பும் நீருக்கடியில். ஆக, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமென்றால் உப்பளத்துக்கு ஒன்பது மாதமே. மீதி மூன்று மாதம் நிலம் தானே எடுத்துக்கொள்ளும் விடுமுறை. உழைப்பவர் கேட்டுப் பெற்ற விடுமுறையன்று அது.

வாடகைக்கு மட்டும் இந்த விடுமுறை இல்லை. மத்திய அரசின் உப்புத் துறை நிலங்களில் நெடுங்காலமாக இரண்டு தலைப்புகளில் பணம் பெறும் முறை இருந்துவந்தது. ஒன்று, ஏக்கருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்ற தரை வாடகை. மற்றொன்று, விளைந்த டன்னுக்கு இவ்வளவு என்ற கட்டணம். இரண்டாவது விளைச்சலைப் பார்த்து ஏறி இறங்குவது. முதலாவதற்கு மழையும் ஒன்றே, வெயிலும் ஒன்றே. அரசின் ஏட்டிலேயே இரண்டு நியாயங்கள் அருகருகே இருந்திருக்கின்றன என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். விளைந்தால் கொடு என்பது ஒன்று, விளைந்தாலும் விளையாவிட்டாலும் கொடு என்பது மற்றொன்று. அரசிடம் குத்தகை பெற்றவரிடமிருந்து கைமாறிப் பாத்திக்கு வருபவர் எதிர்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது நியாயத்தை மட்டுமே.

நம் சட்டங்களுக்கு விடுமுறை என்னவென்றே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு செயலை அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ செய்து முடிக்க வேண்டிய கடைசி நாளில் அது பூட்டிக் கிடந்தால், திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது வகைமுறைகள் சட்டம். கடன் பத்திரம் முதிரும் நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். எழுத்தரின் பொங்கல் விடுமுறைக்கும் வங்கியின் ஞாயிற்றுக்கிழமைக்கும் இவ்வளவு நுணுக்கமாக விதி வகுத்தவர்கள், மூன்று மாதம் நீரில் கிடக்கும் நிலத்துக்கு என்ன விதி வகுத்தார்கள்?

தனியாருக்கிடையிலான குத்தகைக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஒரு வழி சொல்கிறது. புயலாலோ வெள்ளத்தாலோ சொத்தின் முக்கியப் பகுதி, எதற்காக விடப்பட்டதோ அதற்குப் பெருமளவிலும் நிரந்தரமாகவும் பயன்படாமல் போனால், குத்தகைதாரர் விரும்பினால் குத்தகையையே முறித்துக்கொள்ளலாம். நிரந்தரமாக என்ற சொல்லைக் கவனியுங்கள். உப்பளம் நிரந்தரமாக அழிவதில்லை. சனவரியில் நீர் வடியும், பாத்தி தலைகாட்டும். ஆகவே இந்த வழி அவருக்கு உதவாது. உதவினாலும் கிடைப்பது நிலத்தை விட்டு வெளியேறும் உரிமைதான். வாடகையைக் குறைக்கும் உரிமையன்று.

நெல் விளைவிக்கும் குத்தகைதாரரின் நிலை வேறு. புயலாலும் வெள்ளத்தாலும் வறட்சியாலும் பரவலாக விளைச்சல் கெட்டால் வாரத்தில் தள்ளுபடி கேட்க 1956-ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் இடமளிக்கிறது. குத்தகையை வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நிலத்தில் நிற்க 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உதவுகிறது. வீட்டில் குடியிருப்பவருக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம், கொடுத்த பணத்துக்கு ரசீது, வாங்க மறுத்தால் வாடகை ஆணையத்திடம் கட்டும் வழி என்று ஓரளவேனும் பிடிமானம் உண்டு. உப்பளக்காரர் இந்த இரண்டு வாசலுக்கும் வெளியே நிற்கிறார். உப்பு விளைகிறது என்று ஊரே சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது பயிரன்று, உற்பத்தித் தொழில். பாத்தியில் ஆயுளையே கழித்தாலும் அது வீடும் ஆகாது, கடையும் ஆகாது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மழை மாதம் வரும் என்று தெரிந்தேதானே குத்தகை பேசுகிறார்கள், மூன்று மாத இழப்பைக் கழித்துத்தானே தொகையை முடிவு செய்திருப்பார்கள் என்பார்கள். இதை நாம் எளிதில் ஒதுக்கவில்லை. வழக்கமான பருவமழைக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலை எந்தக் குத்தகைப் பேச்சு கழித்து வைத்திருந்தது? 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின்போது, இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. அதை யார் முன்கூட்டிக் கணக்கிட்டார்கள்? அப்படிப்பட்ட மழையில் உடைந்த கரையைக் கட்டிச் சேற்றை அள்ளி முடிக்கும்போது விளைச்சல் காலத்தின் முன்பகுதியும் கரைந்துவிடுகிறது. மேலும், கழித்துப் பேசுவதற்கு இருவரும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வேறு பிழைப்பில்லாதவர் பேசுவது பேரமா என்று வாதிடுவோரே சொல்லட்டும்.

தொகையைவிடத் தவணை நாள் கொடியது. அம்பாரம் கரைந்து, கையில் காசு வற்றியிருக்கும் ஆண்டு முடிவிலோ, பொங்கலை ஒட்டிப் பாத்தி மிதிக்கவே கடன் வாங்கும் நேரத்திலோ வாடகை கேட்டால் அதைக் கொடுப்பது உப்பு அன்று, வட்டிக்கடை.

அடுத்து இடையில் நிற்பவர். குத்தகைப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் பாத்தியில் நிற்கும் ஆளும் ஒன்றாக இருந்தால் சிக்கலில்லை. ஒன்றாக இல்லாதபோது நடுவில் ஒரு முகவர் முளைக்கிறார். பணம் வாங்கும்போது அவரே உரிமையாளர். குறை சொல்லும்போது அவர் வெறும் வேலையாள். பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டேன், அதனால் வாங்கவில்லை என்பார். அடுத்த வாரமே தவணை தவறிவிட்டது, பாத்தியை வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்பார். விடுமுறை அவருக்குச் சாதகமாக மட்டுமே வரும்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. ஒருவருக்கு அதிகாரம் உண்டு என்று பிறர் நம்பும்படி உரிமையாளர் தம் சொல்லாலோ செயலாலோ நடந்துகொண்டிருந்தால், அந்த முகவரின் செயல் உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். ஆண்டுதோறும் முகவர் கையில் வாடகை வாங்கிக்கொண்டவர், இந்த ஆண்டு மட்டும் எனக்கு வரவில்லை என்று கைவிரிக்க முடியாது. ஆனால் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். அதனால்தான் ரொக்கமாகவே கொடு, ரசீது அப்புறம் என்ற பேச்சு தொடர்கிறது. 2019 டிசம்பரிலிருந்து வங்கிகளுக்கிடையிலான நெஃப்ட் பணமாற்றம் எல்லா நாளும் எல்லா மணியும் நடக்கிறது. இனி விடுமுறையால் பணம் வாங்க முடியவில்லை என்பது காரணமன்று, சாக்கு. வங்கிக் கணக்கு எண்ணைத் தர மறுக்கும் முகவர் எதை மறைக்கிறார் என்று விளக்க வேண்டியதில்லை.

மாநில அரசு 2022-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு அது போதுமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அந்த மாதங்களில் உப்பளம் பிழைப்புத் தராது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. நிவாரணம் கொடுக்கும் கைக்குத் தெரிந்த உண்மை, வாடகை பற்றிச் சட்டம் எழுதும் கைக்கு ஏன் தெரியவில்லை?

உப்பு மத்தியப் பட்டியலில் உள்ளது, நாங்கள் என்ன செய்ய என்ற பதில் வரும். உண்மைதான், மத்தியப் பட்டியலின் 58-ஆவது பதிவு உப்பைப் பற்றியது. ஆனால் மாநிலப் பட்டியலின் 18-ஆவது பதிவு நிலத்தையும், நில உரிமையாளர் குத்தகைதாரர் உறவையும், வாடகை வசூலையும் பற்றியது. குறைந்தது தன் சொந்த நிலத்தில் மாநில அரசு நாளையே தொடங்கலாம்.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் உப்பு வரியை எதிர்த்து நடந்தார்கள். 1947-இல் அந்த வரி ஒழிந்தது. உப்பு வாங்குபவரின் சுமை இறங்கியது. உப்பு விளைவிப்பவர் நின்ற நிலத்தின் வாடகையை அந்த வெற்றி தொடவில்லை. நாமும் வரியின் கதையோடு பாடத்தை மூடிவிட்டோம். தூத்துக்குடி அளங்களை நேரில் கண்டு 'கரிப்பு மணிகள்' எழுதிய ராஜம் கிருஷ்ணனுக்குப் பிறகு அந்தப் பக்கம் எத்தனை நாவலாசிரியர்கள் திரும்பினார்கள் என்று விரல்விட்டு எண்ணலாம். ஆகவே இலக்கியப் பக்கத்தில் வாடகை எதற்கு என்று கேட்பவர்களிடம், நெய்தல் உங்களுக்கு எதற்கு என்று திருப்பிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாம் கேட்பவை நான்கு. தவணை நாள் முதல் விளைச்சலுக்குப் பின் வைக்கப்பட வேண்டும். வழக்கமான பருவத்தை மீறிய புயலுக்கும் வெள்ளத்துக்கும் நெல்லுக்கு உள்ளதுபோல் விகிதாசாரத் தள்ளுபடி வேண்டும். வாங்க மறுக்கப்படும் வாடகையைக் கட்டிவைக்க ஓர் அதிகாரி வேண்டும். பணம் கொடுத்தவர் பெயரிலேயே ரசீது வேண்டும். இவை வரும்வரை பாத்தியில் நிற்பவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வங்கி வழியே பணம் அனுப்புவது, முகவர் மறுத்தால் பணம் தயாராக இருப்பதை உரிமையாளருக்கே எழுதி ஒப்புகையோடு விரைவுத் தபாலில் சேர்ப்பது, பாத்தி மூழ்கிய நாளைக் கிராம நிர்வாக அலுவலருக்கு மனுவாகக் கொடுத்து நகலில் முத்திரை பெறுவது. இந்தத் தாள்களைச் சேர்த்து வைக்கும் பொறுப்பு உப்பளத்தில் நிற்பவருடையது. அவற்றுக்கு மதிப்புத் தரும் சட்டத்தை எழுதும் பொறுப்பு சட்டமன்றத்துடையது.