ஐந்தரைக் கட்டை எங்கே?

சொந்தமாகச் செய்துகொள்ளும் சிந்தசைசர் கிட் ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். சின்னச் சின்னப் பைகளில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஐசி இருக்கும். சுவிட்ச், ஜாக், குமிழ்களும் இருக்கும். முகப்புப் பலகை மட்டும் பல கிட்களில் இருக்காது. "அதை நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். நம்மில் பலர் அதைக் கடைசி வேலையாகத்தான் நினைக்கிறோம். எல்லாவற்றையும் சால்டர் செய்து, சத்தம் வந்த பிறகு, ஒரு தகட்டில் ஓட்டை போட்டு மூடிவிட்டால் முடிந்தது என்று எண்ணம்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கருவியை வீட்டில் யார் தொடுவார்கள், யார் தொடாமல் ஒதுங்குவார்கள் என்பதை முடிவு செய்வதே அந்தப் பலகைதான்.

சிந்தசைசரில் வீணையைப் போலத் தந்தி இல்லை, நாதஸ்வரத்தைப் போலக் காற்றும் இல்லை. ஒரு மின்சுற்று அலையை உண்டாக்குகிறது. அடுத்தது அந்த அலையை வடிகட்டுகிறது. மூன்றாவது, ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்கிறது. நான்காவது அதைப் பெருக்கி வெளியே விடுகிறது. இவற்றில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. வாசிப்பவருக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருக்கும் குமிழும் அதன் பெயரும்தான்.

இந்தத் துறையின் முன்னோடிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் ராபர்ட் மூக், இசைக் கலைஞர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து 1964-இல் தன் முதல் சிந்தசைசரை உருவாக்கினார். தொடக்கக் காலக் கருவிகள் அலமாரி அளவு இருந்தன. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு ஒயர் செருகித்தான் ஒலியை வரவழைக்க வேண்டும். 1970-இல் வந்த மினிமூக் அந்த நிலையை மாற்றியது. அதன் முகப்பில் ஐந்து பகுதிகள் இடமிருந்து வலமாக வரிசையாக இருக்கின்றன. கட்டுப்பாடு, அலை, கலவை, மாற்றம், வெளியீடு என்று ஒலி பயணம் செய்யும் பாதையிலேயே கண்ணும் கையும் போகும். கருவியைப் பற்றித் தெரியாதவர்கூட இடது பக்கம் தொடங்கி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா வேறு வழியில் போனார். பியானோ போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டைகளை வேண்டாமென்று விட்டு, தொட்டால் வேலை செய்யும் தகடுகளை வைத்தார். தன் கருவியின் ஒரு பகுதிக்கு 'நிச்சயமின்மையின் ஊற்று' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே சூட்டினார். உள்ளே இருக்கும் மின்னியலின் அடிப்படைக் கொள்கை ஒன்றுதான். ஆனால் முகம் வேறு என்பதால் அதிலிருந்து பிறந்த இசையும் வேறாக இருந்தது.

மூக் கருவி இந்தியாவுக்கு 1969-லேயே வந்துவிட்டது. அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் அதை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் இசையமைத்தார்கள். ஆனால் அந்த முகப்பில் 'கட்டை' என்ற சொல்லுக்கு இடம் இல்லை. அதைச் செய்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண். பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான அவர் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் மின்னணுச் சுருதிப் பெட்டிகளும் தம்புராக்களும் இன்று நம் ஊர்ப் பாட்டு வகுப்புகள் வரை வந்திருக்கின்றன. பாடுபவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர் செய்த முகப்பு என்பதால் அதைப் பயன்படுத்த யாருக்கும் விளக்கக் கையேடு தேவைப்படவில்லை.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பினாங்கில் மின்னியல் என்பது நமக்குப் புதிய சரக்கு அல்ல. பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-இல் தொடங்கியது. இன்டெல் போன்ற நிறுவனங்கள் அப்போதே வந்துவிட்டன. அந்தத் தொழிற்சாலைகளில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டவைத்த பெண்களில் நம் அம்மாக்களும் அக்காக்களும் உண்டு. என் அம்மாவும் அப்படி ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அவர் கை பட்ட பொருள்கள் உலகம் முழுவதும் போயிருக்கின்றன. எந்தப் பெட்டியின் முகப்பிலும் அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து இருந்ததில்லை.

நான் கிட்டைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தபோது, பாட்டு வகுப்பு முடிந்து வந்த அக்கா மகள் ஒன்பது குமிழையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மாமா, இதுல அஞ்சரைக் கட்டை எங்க?"

அவள் பாடும் சுருதி அது. கிட்டோடு வந்த வரைபடத்தில் அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் 'பிட்ச்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் 0 முதல் 10 வரை எண்களும் மட்டும்தான் இருந்தன. 0 முதல் 10 வரை என்பது யாருடைய சுருதி? யாருடையதும் இல்லை. அன்றைக்கே பலகையை அவளுக்காக வரைவது என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை கட்டையைக் குறிப்பது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் நாம் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்கிறோம். நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை என்பதால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் அப்படித்தான். ஆக, ஒரு கட்டையிலிருந்து மேல் ஸ்தாயி ஒரு கட்டை வரை பன்னிரண்டு படிகள்.

என் கிட்டில் 1 வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். பெரும்பாலான சிந்தசைசர்கள் இந்தக் கணக்கில்தான் செய்யப்படுகின்றன. குமிழ் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 300 பாகை சுழலும். ஒரு ரெசிஸ்டரை மாற்றி, முழுச் சுழற்சிக்கும் ஒரே ஸ்தாயி மட்டும் ஏறும்படி வைத்தேன். 300-ஐ 12-ஆல் வகுத்தால் 25. இருபத்தைந்து பாகைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். ஐந்தரைக் கட்டைக்கு எட்டாவது படி, அதாவது 200 பாகை.

கணக்குச் சரியாக இருந்தாலும் பினாங்கு வெயில் விடாது. இந்த வகை அலைச்சுற்று சூட்டுக்குச் சுருதி விலகும். மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், மத்தியானத்துக்கும் மழை பெய்த இரவுக்கும் வித்தியாசம் காதுக்கே தெரியும். அதனால் பெரிய குமிழுக்குப் பக்கத்தில் 'நுண்சுருதி' என்று ஒரு சின்னக் குமிழ். தம்புராவைச் சரிசெய்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டாவது வேலை பெயர் வைப்பது. பாடநூலில் அலையியற்றி, ஒத்ததிர்வு என்றெல்லாம் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஆனால் பலகையில் இருக்க வேண்டியது மின்சுற்றின் பெயர் அல்ல, குமிழைத் திருப்பினால் காதில் என்ன கேட்கும் என்பதுதான். வடிகட்டிக் குமிழின் இரு முனையிலும் 'மந்தம்', 'பளிச்' என்று எழுதினோம். அதன் பக்கத்துக் குமிழைக் கூட்டினால் ஒலி மணி அடித்ததுபோல் ஒலிக்கும். அக்கா மகள் யோசிக்காமல் 'கணீர்' என்றாள். அதையே வைத்துவிட்டோம். ஒலி எழுந்து அடங்கும் நான்கு குமிழ்களுக்குத் தொடக்கம், தணிவு, நிலை, ஓய்வு. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, நிறுத்தி, விடுவதை அவள் ஏற்கெனவே தொண்டையில் செய்துகொண்டிருப்பதால் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அலை வடிவங்களுக்குச் சொல்லே வேண்டாம்; வளைவு, பல், சதுரம் என்று மூன்று படம் போதும். வீட்டுக்கு வரும் மலாய், சீன நண்பர்களுக்கும் புரியும்.

மூன்றாவது வேலை எழுத்தின் அளவு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை ஒன்றரை மில்லிமீட்டரில்கூடப் படித்துவிடலாம். தமிழில் அது நடக்காது. 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய், 'தொடக்கம்' என்பது 'தொடககம' ஆகிவிடும். அதனால் ஒரே தாளில் ஒன்றரை, இரண்டு, மூன்று மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். மைக்ரோஸ்கோப்பில் தேய்ந்த கண்.

"தம்பி, முதல் ரெண்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. மூணாவதுதான் எழுத்து" என்றார். அத்தோடு விடவில்லை. விரலால் ஒரு குமிழைத் திருப்புவதுபோல் காட்டி, "பேரைக் கீழ போட்டா கை மறைக்குமே?" என்று கேட்டார். பெயர்கள் எல்லாம் குமிழுக்கு மேலே ஏறின. ஒயர்கள் தொங்கி எழுத்தை மறைக்காதபடி ஜாக்குகள் அடிவரிசைக்குப் போயின.

எழுத்துருவுக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. ஆப்பிள் கணினியில் இருக்கும் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் இரண்டும் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியவை. பெயரில் உள்ள எம்என் அவருடைய முதலெழுத்துகள்தான்.

மீதி எல்லாம் அளவுநாடா வேலை. இன்று பலர் பின்பற்றும் யூரோரேக் முறை ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் பரப்பியது. பலகையின் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலம் 5.08 மில்லிமீட்டரின் மடங்குகள். நான் நாற்பது மடங்கு எடுத்தேன், 203 மில்லிமீட்டர் வருகிறது. ஒரு வரிசைக்கு ஐந்து குமிழ் என்றால் நடுவுக்கு நடு 40 மில்லிமீட்டர். பெரியவர் விரலும் சிறியவர் விரலும் இடிக்காமல் போகும். ஒன்றை மட்டும் வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். சில கிட்களில் குமிழ்கள் போர்டிலேயே சால்டர் செய்யப்படும். அதில் ஓட்டைகளின் இடத்தை மாற்ற முடியாது. ஒயரில் இணைக்கும் கிட்டில்தான் உங்கள் இஷ்டத்துக்கு அடுக்கலாம்.

வரைந்ததை நூறு விழுக்காடு அளவில் அச்செடுத்து, அளவுகோலை வைத்துச் சரிபார்த்து, பிஸ்கட் அட்டையில் ஒட்டி, குமிழ்களைப் பொருத்தி ஒரு வாரம் வாசியுங்கள். அட்டையில் ஓட்டையை மாற்றக் காசு ஆகாது. பிறகுதான் கடை. கார் நம்பர் பிளேட், பெயர்ப் பலகை செய்யும் கடைகளில் மேலே கறுப்பும் உள்ளே வெள்ளையுமான இரட்டை நிறத் தகட்டில் லேசரால் எழுத்தைச் செதுக்கித் தருகிறார்கள். நான் எடுத்தது ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு. 3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் மரை குட்டையாக இருக்கும். தடித்த தகடாக இருந்தால் நட்டு பிடிக்காது. மெல்லிய தகடு வளையாமலிருக்கப் பின்னால் இரண்டு மரச்சட்டம். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது என்பதால் எல்லா ஜாக்குகளின் எர்த்தையும் ஓர் ஒயரால் சேர்த்துவிட வேண்டும்.

கடைக்குக் கோப்பை அனுப்பும்முன் எழுத்துகளை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் 'தொ' மூன்றாக உடைந்து நிற்கும். தமிழ் தெரியாத கடைக்காரருக்கு அது தவறென்று தெரிய வழியில்லை.

இத்தனைக்கும் செலவு பெரிதல்ல. நேரம்தான் போகும். ஆனால் அந்த நேரத்தில்தான் கருவி ஒருவர் கையிலிருந்து வீட்டார் எல்லார் கைக்கும் போகிறது. ஆங்கிலப் பெயரோடு செய்திருந்தாலும் எனக்கு அது நன்றாகவே வேலை செய்திருக்கும். எனக்கு மட்டும் வேலை செய்திருக்கும். இப்போது மாலையில் யாரோ ஒருவர் அதை ஓடவிட்டுச் சுருதி பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பள்ளி விடுமுறையில் கிட் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் முதல் படத்தைக் கணினியில் வரையாதீர்கள். யார் வாசிக்கப் போகிறாரோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவர் கையில் கொடுங்கள். அவர் எந்தக் குமிழை முதலில் வரைகிறாரோ அதுவே பெரிய குமிழ்.